ஓஆர்எம் வழியாக ரோவைப் பூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு பொருள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதே நொடியில் இரண்டு பேர் ‘வாங்கு’ பட்டனை அழுத்துகிறார்கள். உங்கள் கோடு செய்யும் வேலை எளிது: அந்தப் பொருளின் ரோவை டேபிளிலிருந்து எடுக்கும், இருப்பு சுழியத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும், ஒன்றைக் கழிக்கும், சேவ் செய்யும். இரண்டு ரிக்வெஸ்டும் பின்னிக்கொண்டு ஓடினால் நடப்பது இதுதான்:

முதல் ரிக்வெஸ்ட் படிக்கிறது: இருப்பு 1
இரண்டாம் ரிக்வெஸ்ட் படிக்கிறது: இருப்பு 1
முதல் ரிக்வெஸ்ட் 0 என்று எழுதி சேவ் செய்கிறது
இரண்டாம் ரிக்வெஸ்டும் 0 என்று எழுதி சேவ் செய்கிறது

பொருள் ஒன்று, ஆர்டர் இரண்டு. எர்ரர் எதுவும் வராது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் இருப்பு 0 என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். இதற்கு ‘லாஸ்ட் அப்டேட்’ என்று பெயர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமலே அழித்துவிடுவது.

நேரடியாக எஸ்க்யூஎல் எழுதுபவருக்கு மருந்து இரண்டு சொல்: செலக்ட் க்வெரியின் கடைசியில் ‘ஃபார் அப்டேட்’. ஓஆர்எம்மில் (டேபிளின் ரோக்களை கோடில் ஆப்ஜெக்ட்டுகளாகத் தரும் லைப்ரரி) அதற்கு ஒரு மெத்தட் இருக்கிறது, கூப்பிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் ஓஆர்எம்மில் உங்கள் கையில் இருப்பது ரோ இல்லை, மெமரியில் இருக்கும் அதன் நகல். பூட்டு விழுவது டேட்டாபேஸில் இருக்கும் ரோவின் மேல். கையில் உள்ள நகலுக்கு அந்தப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கின்றன.

எடுத்துக்காட்டுகளுக்கு ஜாங்கோவின் ஓஆர்எம்மையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் வைத்துக்கொள்கிறேன். மற்றவை மாறுபடும் இடத்தில் அவற்றையும் சொல்கிறேன். இன்னொன்று: ‘லாக்’ என்று தமிழில் எழுதினால் பூட்டா பதிவேடா என்று எனக்கே குழம்பும். அதனால் பூட்டு என்றே எழுதுகிறேன்.

முதலில், பூட்டினால் யார் நிற்பார்கள்?

போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினும் ஒரு ரோவுக்குப் பல பதிப்புகளை வைத்துக்கொள்பவை. அதனால் நீங்கள் ஒரு ரோவை ‘ஃபார் அப்டேட்’ போட்டுப் பூட்டியிருக்கும்போது, இன்னொருவர் சாதாரண செலக்ட் போட்டால் அவர் நிற்கவே மாட்டார். கடைசியாகக் கமிட் ஆன (எழுதி உறுதியான) பதிப்பைப் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நிற்க வேண்டியவர்கள் இவர்கள் மட்டும்: அதே ரோவை அப்டேட் அல்லது டெலீட் செய்ய வருபவர், அதே ரோவின் மேல் தானும் பூட்டுக் கேட்டு வருபவர்.

இதனால் ரிப்போர்ட் பக்கமோ பட்டியல் பக்கமோ பூட்டால் முடங்காது. நல்லதுதான். ஆனால் கோடில் வேறொரு மூலையில் யாரோ பூட்டாமல் படித்து, கழித்து, சேவ் செய்கிறார் என்றால் உங்கள் பூட்டு அவரைக் காப்பாற்றாது. அவருடைய படிப்பு தடையில்லாமல் நடந்துவிடும். அவருடைய அப்டேட் மட்டும் உங்கள் கமிட் வரை காத்திருந்து, பிறகு பழைய கணக்கின்படி எழுதிவிடும். ஒரு காலத்தை (நேரம் இல்லை, டேபிளின் நெடுவரிசை) மாற்றும் எல்லா இடங்களும் ஒரே வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும். அட்மின் பக்கம், இரவில் ஓடும் ஸ்கிரிப்ட், யாரோ எழுதிய மேனேஜ்மென்ட் கமாண்ட் எல்லாம் இதில் சேர்த்தி. பூட்டு போடுவதற்கு முன்னால் அந்தக் காலத்தின் பெயரை கோடு முழுக்கத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

படி 1: பூட்டு வேண்டுமா என்று பாருங்கள்

கழித்தல், கூட்டல் மாதிரி வேலைகளுக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஜாங்கோவில் ஃபில்டரில் ஐடியையும் ‘இருப்பு 1 அல்லது அதற்கு மேல்’ என்ற நிபந்தனையையும் வைத்து, அப்டேட் மெத்தடுக்குள் எஃப் எக்ஸ்ப்ரெஷன் வழியாக ‘இருப்பு கழித்தல் 1’ என்று கொடுங்கள். போகும் எஸ்க்யூஎல் ஒன்றே ஒன்று:

அப்டேட் பொருள் செட் இருப்பு = இருப்பு - 1 வேர் ஐடி = 42 அண்ட் இருப்பு >= 1

அப்டேட் மெத்தட் எத்தனை ரோ பொருந்தியது என்ற எண்ணைத் திருப்பித் தரும். 1 வந்தால் வாங்கியாயிற்று, 0 வந்தால் இருப்பு இல்லை. இரண்டு பேர் ஒன்றாக வந்தாலும் இரண்டாமவர் முதலாமவரின் கமிட் வரை காத்திருப்பார். அதன் பிறகு புதிய மதிப்பின் மேல் நிபந்தனை மறுபடி சோதிக்கப்படும், அவருக்கு 0 கிடைக்கும். இதற்குள்ளும் பூட்டு இருக்கிறது. ஆனால் அதை டேட்டாபேஸே போட்டு, டேட்டாபேஸே பார்த்துக்கொள்கிறது.

‘ஒரே ஈமெயிலில் இரண்டு கணக்கு கூடாது’ மாதிரி விதிகளுக்கும் பூட்டு வேண்டாம். யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுவிடுங்கள். இல்லாத ரோவை போஸ்ட்கிரெஸில் பூட்டவே முடியாது. செலக்ட் ஃபார் அப்டேட் காலியாகத் திரும்பி வரும், அதோடு சரி. மைஎஸ்க்யூஎல்லில் ரிப்பீட்டபிள் ரீட் என்ற ஐசலேஷனில் (ஒருவர் செய்யும் மாற்றம் இன்னொருவருக்கு எவ்வளவு தெரியலாம் என்ற அமைப்பு) நிலைமை இன்னும் வேடிக்கை. இல்லாத ரோவைப் பூட்டப் போனால் அந்த இடைவெளியின் மேல் ‘கேப் லாக்’ விழும். இரண்டு பேரும் அதே இடைவெளியில் அதைப் பெற முடியும். அப்புறம் இரண்டு பேரும் இன்செர்ட் செய்யப் போய் ஒருவரையொருவர் மறித்து டெட்லாக்கில் முடிவார்கள்.

பூட்டு உண்மையிலேயே வேண்டிய இடம் எது? ஒரு ரோவைப் படித்து, அதை வைத்து நாலைந்து முடிவுகளை எடுத்து, இரண்டு மூன்று டேபிள்களில் எழுத வேண்டி வரும் இடம். ஆர்டரின் நிலை ‘பணம் வந்தது’ என்றால் மட்டும் அனுப்பு, கூடவே விலைப்பட்டியல் உருவாக்கு, தள்ளுபடியைக் கழி என்பது போல. இதை ஒரு வரி அப்டேட்டில் அடக்க முடியாது.

இன்னொரு வகையும் உண்டு: எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது. ‘இந்த நேரத்துக்கு 20 பேர் வரைதான் பதியலாம்’ என்றால், பதிவுகளை எண்ணும் கவுன்ட் க்வெரியைப் பூட்டி ஆகப்போவது இல்லை. போஸ்ட்கிரெஸ் அக்ரிகேட் ஃபங்ஷனோடு ஃபார் அப்டேட்டை ஏற்காது. பதிந்தவர்களின் ரோக்களைப் பூட்டினாலும், புதிதாக வரப்போகும் ரோவைத் தடுக்க முடியாது. அந்த நேரத்தைக் குறிக்கும் தாய் ரோ ஒன்று இருக்குமே, அதைப் பூட்டிவிட்டு எண்ணுங்கள். எல்லோரும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆகிவிடும்.

படி 2: டிரான்சாக்ஷனைத் திறங்கள்

டிரான்சாக்ஷன் என்பது மொத்தமாக நிற்கும் அல்லது மொத்தமாக ரத்தாகும் க்வெரிகளின் தொகுப்பு. ரோ பூட்டின் ஆயுள் அதன் ஆயுள்தான். கமிட் அல்லது ரோல்பேக் (ரத்து) ஆனதும் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். ‘அன்லாக்’ என்று தனியாக ஒன்று கிடையாது. டிரான்சாக்ஷன் இல்லாமல் ஆட்டோகமிட்டில் செலக்ட் ஃபார் அப்டேட் போட்டால், அந்த க்வெரி முடிந்த கணமே பூட்டும் போய்விடும்.

இங்கே ஓஆர்எம்களின் குணம் வேறுபடுகிறது. ஜாங்கோ கண்டிப்பானது, அட்டாமிக் பிளாக்குக்கு (அங்கே டிரான்சாக்ஷனைத் திறக்கும் வழி) வெளியே ஓட்டினால் டிரான்சாக்ஷன் மேனேஜ்மென்ட் எர்ரர் வரும். லாராவெல்லின் லாக் ஃபார் அப்டேட் ஒன்றும் சொல்லாது. க்வெரி ஓடும், பதில் வரும், பூட்டு மட்டும் இருக்காது. டிபி டிரான்சாக்ஷன் குளோஷருக்குள் வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. எஸ்க்யூஎல்ஆல்கெமியில் செஷன் தானாகவே டிரான்சாக்ஷனைத் தொடங்கிக்கொள்ளும், அதனால் அங்கே மறப்பதற்கு இடம் குறைவு. சீக்வலைஸில் டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டு, அந்த டிரான்சாக்ஷன் ஆப்ஜெக்ட்டை க்வெரிக்குக் கொடுக்க மறந்துபோவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. க்வெரி வேறொரு கனெக்ஷனில் போய்விடும்.

அட்டாமிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் உள்ளே இருப்பது தனி டிரான்சாக்ஷன் இல்லை, வெறும் சேவ்பாயின்ட் (அதே டிரான்சாக்ஷனுக்குள் திரும்பி வரக்கூடிய ஒரு புள்ளி) என்பதையும் மறக்க வேண்டாம். உள் பிளாக் முடிந்ததால் பூட்டு திறந்துவிட்டது என்று நினைத்து, அதற்குக் கீழே நிதானமாக மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் கோடை நான் திருத்தியிருக்கிறேன். வெளிப் பிளாக் கமிட் ஆகும் வரை பூட்டு அப்படியே இருக்கும். ஜாங்கோவில் ‘அட்டாமிக் ரிக்வெஸ்ட்ஸ்’ செட்டிங்கை ஆன் செய்திருந்தால் வெளிப் பிளாக் என்பது உங்கள் வியூ முழுவதும்.

படி 3: பூட்டிக்கொண்டே படியுங்கள்

வேலையின் வடிவம் இதுதான்:

அட்டாமிக் பிளாக் தொடக்கம்
    ஆர்டர் = ஆர்டர்கள்.செலக்ட்_ஃபார்_அப்டேட்().கெட்(ஐடி=42)
    நிலை ‘பணம் வந்தது’ இல்லை என்றால் இங்கேயே திரும்பு
    ஆர்டர்.நிலை = ‘அனுப்பியாயிற்று’
    ஆர்டர்.சேவ்(மாற்றிய காலங்களை மட்டும்)
    விலைப்பட்டியலை உருவாக்கு
அட்டாமிக் பிளாக் முடிவு

எளிமையாகத்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, க்வெரிசெட் சோம்பேறி. செலக்ட் ஃபார் அப்டேட்டை ஃபில்டரோடு சேர்த்து ஒரு வேரியபிளில் வைத்தால் மட்டும் எதுவும் பூட்டப்படாது. அதை லூப்பில் ஓட்ட வேண்டும், அல்லது லிஸ்ட்டாக மாற்ற வேண்டும், அல்லது கெட் செய்ய வேண்டும். டேட்டாபேஸுக்கு க்வெரி போன பிறகுதான் பூட்டு.

இரண்டு, நிபந்தனையைச் சோதிப்பது பூட்டிய பிறகு. முன்னாலேயே ஒருமுறை சோதித்திருந்தாலும் உள்ளே மறுபடி சோதியுங்கள். நீங்கள் காத்திருந்த நேரத்தில் உலகம் மாறியிருக்கும், அதனால்தானே காத்திருந்தீர்கள்.

மூன்று, சேவ் செய்யும்போது மாற்றிய காலங்களை மட்டும் குறிப்பிடுங்கள். ஜாங்கோவின் சேவ் சாதாரணமாக எல்லாக் காலங்களையும் திருப்பி எழுதும். ‘அப்டேட் ஃபீல்ட்ஸ்’ கொடுத்தால் வேறு யாரோ வேறு காலத்தில் எழுதியதன் மேல் நீங்கள் மிதிக்க மாட்டீர்கள்.

உண்மையிலேயே பூட்டு போகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஜாங்கோவின் டிபி பேக்கெண்ட்ஸ் லாகரை டீபக் நிலையில் வைத்தால் ஒவ்வொரு எஸ்க்யூஎல்லும் திரையில் ஓடும். வரியின் கடைசியில் ஃபார் அப்டேட் தெரிய வேண்டும். உள்ளூரில் எஸ்க்யூலைட் வைத்து வேலை செய்பவர்களுக்கு அது தெரியாது. எஸ்க்யூலைட்டில் ரோ பூட்டு என்பதே கிடையாது, ஜாங்கோ அங்கே செலக்ட் ஃபார் அப்டேட்டை ஓசையில்லாமல் விட்டுவிடும். அதில் ஓடிய டெஸ்ட் பச்சையாக வந்தது என்பதற்கு இந்த விஷயத்தில் எந்த அர்த்தமும் இல்லை.

படி 4: பழைய ஆப்ஜெக்ட்டைத் தூக்கிப் போடுங்கள்

இதில் நான் நேரடியாக அடிபட்டிருக்கிறேன். ஒரு வாலெட் மாட்யூல். வியூவின் தொடக்கத்திலேயே வாலெட் ஆப்ஜெக்ட்டை எடுத்துவிட்டேன், அனுமதி சோதிப்பதற்காக. பிறகு பணம் கழிக்கும் ஃபங்ஷனுக்கு அதையே அனுப்பினேன். ஃபங்ஷனுக்குள் அட்டாமிக் இருந்தது, செலக்ட் ஃபார் அப்டேட் இருந்தது, ஐடியும் சரி. ஆனால் அந்த க்வெரி திருப்பித் தந்த ஆப்ஜெக்ட்டை எந்த வேரியபிளிலும் வாங்கவில்லை. ‘பூட்டியாயிற்று’ என்ற நிம்மதியில், கைக்கு வந்திருந்த பழைய ஆப்ஜெக்ட்டிலேயே கழித்து சேவ் செய்துகொண்டிருந்தேன். ரோ பூட்டியிருந்தது, ரிக்வெஸ்டுகள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, நின்று வந்து ஒவ்வொன்றும் பழைய இருப்பிலிருந்து கழித்தன. கோடைப் படித்த மூன்று பேரும் ‘பூட்டு இருக்கிறதே’ என்று சொல்லிவிட்டுப் போனோம்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பணம், இருப்பு, நிலை எதையாவது மாற்றும் ஃபங்ஷனுக்கு ஆப்ஜெக்ட்டை அனுப்புவதில்லை, ஐடியை மட்டும் அனுப்புகிறேன். உள்ளே பூட்டிக்கொண்டு புதிதாக எடுப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது.

எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இது இன்னும் நுட்பமாகக் கடிக்கும். அங்கே ஐடென்டிட்டி மேப் இருக்கிறது: ஒரு செஷனுக்குள் ஒரு ரோவுக்கு ஒரே ஆப்ஜெக்ட். முதலில் சாதாரணமாகப் படித்துவிட்டு, பிறகு ‘வித் ஃபார் அப்டேட்’ போட்டு மறுபடி படித்தால், டேட்டாபேஸிலிருந்து புதிய மதிப்பு வந்து சேரும். ஆனால் மெமரியில் ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்ட்டின் மேல் அது எழுதப்படாது. திரும்பக் கிடைத்ததை வேரியபிளில் வாங்கினாலும் உள்ளே பழைய மதிப்புதான். ‘பாப்புலேட் எக்ஸிஸ்டிங்’ சேர்த்தால் புதிய மதிப்பு உள்ளே போகும். செஷனின் ரெஃப்ரெஷ் மெத்தடுக்கு வித் ஃபார் அப்டேட் கொடுத்தாலும் சரி.

ஹைபர்னேட்டிலும் பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்ட் இதே மாதிரிதான். ஏற்கெனவே எடுத்து வைத்த என்டிட்டி என்றால், பெசிமிஸ்டிக் ரைட் மோடோடு (அதன் ஃபார் அப்டேட் பூட்டு) ரெஃப்ரெஷ் செய்வதுதான் நம்பிக்கையான வழி. ரெயில்ஸ் இந்த விஷயத்தில் பரவாயில்லை. வித் லாக் பிளாக் டிரான்சாக்ஷனையும் திறந்து, ரோவைப் பூட்டி, அதே ஆப்ஜெக்ட்டைப் புதிதாக ஏற்றியும் தந்துவிடும். ஒரே அழைப்பில் மூன்று வேலை, மறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு இதே குடும்பத்தில் இன்னொரு உறவு. அதன் இயல்பான ஐசலேஷன் ரிப்பீட்டபிள் ரீட். அதில் சாதாரண செலக்ட், டிரான்சாக்ஷனின் முதல் படிப்பின்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து படிக்கும். செலக்ட் ஃபார் அப்டேட்டோ கடைசியாகக் கமிட் ஆனதைப் படிக்கும். ஒரே டிரான்சாக்ஷனுக்குள் அதே ரோவுக்கு இரண்டு மதிப்பு கிடைக்கும். ஜாங்கோ 2.0 முதல் மைஎஸ்க்யூஎல் கனெக்ஷனை ரீட் கமிட்டெட்டில் வைப்பதால் அங்கே இது தெரியாது, வேறு ஓஆர்எம்களில் தெரியும். போஸ்ட்கிரெஸில் ரிப்பீட்டபிள் ரீடுக்கு மாறினால் கதை வேறு. காத்திருந்த ரோவை வேறு யாராவது மாற்றிவிட்டிருந்தால் 40001 என்ற எர்ரரோடு டிரான்சாக்ஷன் விழும், முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

படி 5: எதையெல்லாம் பூட்டுகிறீர்கள்?

ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட்டோடு செலக்ட் ஃபார் அப்டேட்டைச் சேர்த்தால் ஜாயினில் வரும் எல்லா டேபிள்களின் ரோக்களும் பூட்டப்படும். ஆர்டரைப் பூட்டப் போய் அதன் வாடிக்கையாளர் ரோவும் பூட்டிக்கொள்ளும். அந்த வாடிக்கையாளரின் மற்ற ஆர்டர்களை இதே வழியில் எடுக்க வருபவர்கள் எல்லாம் வாசலில் நிற்பார்கள். ‘ஆஃப்’ ஆர்க்யுமென்டில் ‘செல்ஃப்’ என்று கொடுத்தால் ஆர்டர் மட்டும் பூட்டப்படும். உறவு ‘நல்’ (மதிப்பே இல்லாதது) ஆகலாம் என்றால் லெஃப்ட் அவுட்டர் ஜாயின் வரும். அதன் காலியாகக்கூடிய பக்கத்தைப் பூட்ட போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். அதற்கும் இதே ஆஃப் தான் வழி.

ஃபாரின் கீ விஷயம் கொஞ்சம் விளக்க வேண்டியது. வாலெட் என்று ஒரு டேபிள், வாலெட்டைச் சுட்டும் பரிவர்த்தனைப் பதிவுகள் இன்னொரு டேபிள். போஸ்ட்கிரெஸில் புதிய பதிவு ஒன்றை இன்செர்ட் செய்யும்போது, தாய் ரோ நடுவில் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக வாலெட் ரோவின் மேல் ‘ஃபார் கீ ஷேர்’ என்ற மெல்லிய பூட்டை டேட்டாபேஸே போடும். நீங்கள் வாலெட்டை ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டியிருந்தால் இரண்டும் மோதும். இருப்பைத் தொடாமல் வெறும் குறிப்பு ஒன்றைச் சேர்க்க வந்தவரும் காத்திருக்க வேண்டியதுதான். ‘ஃபார் நோ கீ அப்டேட்’ என்பது இதற்காகவே 9.3 பதிப்பில் வந்தது. ‘இந்த ரோவை மாற்றுவேன், ஆனால் அழிக்கவும் மாட்டேன், கீயை மாற்றவும் மாட்டேன்’ என்று சொல்லிப் பூட்டுவது. ஜாங்கோ 3.2 முதல் ‘நோ கீ’ ஆர்க்யுமென்டில் ட்ரூ கொடுத்தால் கிடைக்கும். போஸ்ட்கிரெஸில் ரோவை அழிக்கப் போவதில்லை என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் போடுகிறேன்.

இன்னோடிபி பூட்டுவது இன்டெக்ஸ் பதிவுகளை. வேர் நிபந்தனைக்குப் பொருத்தமான இன்டெக்ஸ் இல்லை, ஐசலேஷன் ரிப்பீட்டபிள் ரீட் என்றால், ஒரு ரோவைத் தேடிப் போகும் வழியில் ஸ்கேன் செய்த எல்லா ரோக்களும் பூட்டிக்கொள்ளும். டேபிளையே பூட்டியது மாதிரிதான். பூட்டும் க்வெரிக்கு எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பாருங்கள்.

படி 6: எவ்வளவு நேரம் காத்திருப்பது?

போஸ்ட்கிரெஸில் லாக் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 0. அதாவது காலவரையின்றிக் காத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் 50 நொடி. பட்டனை அழுத்திவிட்டு 50 நொடி யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், நாலு முறை மறுபடி அழுத்துவார்கள், வாசலில் நிற்பவர்கள் நாலு மடங்காவார்கள். அதனால் போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்ஷனின் தொடக்கத்தில் ‘செட் லோக்கல்’ வழியாக லாக் டைம்அவுட்டை இரண்டு மூன்று நொடியாக வையுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இந்த டைம்அவுட் வந்தால் இயல்பாக அந்த ஒரு க்வெரி மட்டும்தான் ரோல்பேக் ஆகும், டிரான்சாக்ஷன் உயிரோடு தொடரும். 1205 என்ற எர்ரரைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடாதீர்கள். முழுவதையும் நீங்களே ரோல்பேக் செய்யுங்கள்.

காத்திருக்கவே வேண்டாம் என்றால் ‘நோவெயிட்’. பூட்டு கிடைக்கவில்லை என்றால் உடனே ஆபரேஷனல் எர்ரர் வரும். அதை அட்டாமிக் பிளாக்குக்கு வெளியே பிடியுங்கள். உள்ளேயே பிடித்தால் போஸ்ட்கிரெஸ் டிரான்சாக்ஷன் ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும், அடுத்த க்வெரி எதுவாக இருந்தாலும் மறுக்கப்படும்.

‘ஸ்கிப் லாக்டு’ வேறு ரகம். பூட்டியிருக்கும் ரோவைத் தாண்டிவிட்டு அடுத்ததைத் தரும். போஸ்ட்கிரெஸில் 9.5 முதல், மைஎஸ்க்யூஎல்லில் 8.0 முதல் இருக்கிறது. டேபிளையே வேலைக் க்யூவாகப் பயன்படுத்துபவர்களுக்கு இது வரப்பிரசாதம். நிலை ‘காத்திருக்கிறது’ என்று ஃபில்டர், ஐடி வரிசை, ஸ்கிப் லாக்டோடு பூட்டி முதல் ரோ. பத்து வொர்க்கர்கள் ஒன்றாக வந்தாலும் பத்து பேருக்கும் வேறு வேறு வேலை கிடைக்கும். வேலை நீளமானது என்றால் நிலையை ‘ஓடுகிறது’ என்று மாற்றி உடனே கமிட் செய்துவிட்டு, வெளியே வந்து வேலையைப் பாருங்கள். ஓடும்போது வொர்க்கர் செத்துப்போனால் அந்த ரோ ‘ஓடுகிறது’ என்றே கிடக்கும். தொடங்கிய நேரத்தையும் எழுதி வைத்து, பழையதைத் திருப்பி எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும். இருப்புக் கணக்கு மாதிரி இடங்களில் ஸ்கிப் லாக்டைப் போடாதீர்கள். பூட்டியிருக்கும் ரோ இல்லவே இல்லை என்பது போல முடிவு வரும்.

படி 7: இரண்டு ரோ என்றால் வரிசை முக்கியம்

ஒரு வாலெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றுகிறீர்கள். 7இலிருந்து 9க்கு ஒருவர், 9இலிருந்து 7க்கு இன்னொருவர், ஒரே நேரத்தில். ‘அனுப்புபவரை முதலில் பூட்டு’ என்று எழுதியிருந்தால் முதலாமவர் 7ஐப் பிடித்துக்கொண்டு 9க்குக் காத்திருப்பார், இரண்டாமவர் 9ஐப் பிடித்துக்கொண்டு 7க்குக் காத்திருப்பார். டெட்லாக். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 1 நொடி பார்த்துவிட்டு, சுழல் இருக்கிறதா என்று ஆராய்ந்து, ஒருவரைக் கொன்றுவிடும். மைஎஸ்க்யூஎல்லில் எர்ரர் எண் 1213. அங்கே முழு டிரான்சாக்ஷனும் ரோல்பேக் ஆகும்.

யார் அனுப்புபவர் என்று பார்க்காமல் ஐடி வரிசையில் பூட்டினால் தீர்ந்தது. இரண்டு ஐடியையும் ஒரே ஃபில்டரில் கொடுத்து, ஐடிப்படி ஆர்டர் பை போட்டு, ஒரே செலக்ட் ஃபார் அப்டேட்டில் எடுத்துவிடுங்கள். பிறகு எது அனுப்புபவர் எது பெறுபவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பல டேபிள்கள் என்றால் டேபிள்களுக்கும் ஒரு வரிசை வேண்டும்: எங்கே போனாலும் முதலில் ஆர்டர், அப்புறம் வாலெட் என்பது போல.

இவ்வளவு செய்தும் எப்போதாவது டெட்லாக் வரும்; யாரோ எழுதிய மொத்த அப்டேட் ஒன்று தன் இஷ்டமான வரிசையில் ரோக்களைத் தொட்டுக்கொண்டு போகும். அதனால் மறுமுயற்சி கோடு அவசியம். அட்டாமிக் பிளாக் முழுவதையும் ஒரு ஃபங்ஷனாக்கி, டெட்லாக்கோ 40001ஓ வந்தால் கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று முறை வரை முதலிலிருந்து ஓட்டுங்கள். பாதியிலிருந்து ஓட்டக் கூடாது, படித்ததெல்லாம் பழசாகியிருக்கும்.

படி 8: பூட்டை வைத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள்

பேமென்ட் சேவையைக் கூப்பிடுவது, மெயில் அனுப்புவது, ஃபைல் ஏற்றுவது எதுவும் அட்டாமிக்குக்குள் இருக்கக் கூடாது. அந்தச் சேவை 30 நொடி தாமதித்தால் உங்கள் ரோவும் 30 நொடி பூட்டியிருக்கும். மெயில் மாதிரி வேலைகளை ஜாங்கோவின் ஆன் கமிட்டில் போடுங்கள். ரோல்பேக் ஆனால் மெயிலும் போகாது, அது கூடுதல் லாபம்.

பணம் வசூலிப்பதை இரண்டாக உடைக்க வேண்டும். ஒரு சின்ன டிரான்சாக்ஷனில் பூட்டி, நிலையை ‘வசூல் நடக்கிறது’ என்று மாற்றி, கமிட். வெளியே வந்து சேவையைக் கூப்பிடுங்கள். பதில் வந்ததும் இன்னொரு டிரான்சாக்ஷனில் மறுபடி பூட்டி முடிவை எழுதுங்கள்.

நடுவில் மனிதர் இருந்தால்?

ஒருவர் எடிட் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அதுவரை ரோவைப் பூட்டி வைக்க முடியாது, ரிக்வெஸ்டைத் தாண்டி டிரான்சாக்ஷன் வாழாது. இங்கே ஆப்டிமிஸ்டிக் முறைதான். டேபிளில் பதிப்பு எண் என்று ஒரு காலம். படிக்கும்போது அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபார்மில் ஒளித்து அனுப்புங்கள், எழுதும்போது ‘ஐடி 42, பதிப்பு 5 என்றால் மட்டும்’ அப்டேட் செய்து பதிப்பை 6 ஆக்குங்கள். 0 ரோ பொருந்தினால் நடுவில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள்.

ஹைபர்னேட்டில் வெர்ஷன் அனோட்டேஷன், ரெயில்ஸில் ‘லாக் வெர்ஷன்’ என்ற பெயரில் ஒரு காலம், எஸ்க்யூஎல்ஆல்கெமியில் ‘வெர்ஷன் ஐடி கால்’ என்று தயாராகவே இருக்கிறது. ஜாங்கோவில் கையால் எழுத வேண்டும், படி 1இல் பார்த்த அதே அப்டேட் உத்திதான். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரில் இந்த முறை மட்டும்தான் உள்ளேயே உண்டு. செலக்ட் ஃபார் அப்டேட் வேண்டும் என்றால் அங்கே நேரடி எஸ்க்யூஎல் எழுத வேண்டும்.

படி 9: இரண்டு கனெக்ஷன் வைத்து சோதியுங்கள்

முதல் சோதனைக்கு கோடே வேண்டாம். இரண்டு டெர்மினலில் ஜாங்கோ ஷெல்லைத் திறங்கள். முதலாவதில் அட்டாமிக்குக்குள் ரோவைப் பூட்டி 20 நொடி ஸ்லீப் போடுங்கள். இரண்டாவதில் அதே ரோவைப் பூட்டிப் படியுங்கள். கர்சர் அசையாமல் நிற்க வேண்டும், முதலாவது முடிந்ததும் புதிய மதிப்போடு விடுபட வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கேயோ பூட்டு விழவில்லை.

ஆட்டோமேட்டிக் டெஸ்டுக்கு ஜாங்கோவின் சாதாரண டெஸ்ட்கேஸ் உதவாது. அது ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் சுற்றிவிடும். நீங்கள் அட்டாமிக்கை மறந்திருந்தாலும் எர்ரர் வராது, இரண்டாவது கனெக்ஷனுக்கு உங்கள் டேட்டாவும் தெரியாது. டிரான்சாக்ஷன் டெஸ்ட்கேஸை எடுத்து, இரண்டு திரெட்களில் ஒரே ஃபங்ஷனை ஓட்டி, கடைசியில் இருப்பைச் சோதியுங்கள். ஒவ்வொரு திரெட்டின் முடிவிலும் அதன் கனெக்ஷனை மூடுங்கள். இல்லையென்றால் டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்க முடியாமல் டெஸ்ட் ரன்னர் முரண்டு பிடிக்கும்.

படி 10: தளம் நின்றுவிட்டது, யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்?

போஸ்ட்கிரெஸ் ரோ பூட்டை மெமரியில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வதில்லை, ரோவின் தலைப்பகுதியிலேயே எழுதிவிடுகிறது. அதனால் பிஜி லாக்ஸில் போய் ‘எந்தெந்த ரோ பூட்டியிருக்கிறது’ என்று பார்த்தால் கிடைக்காது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் வெயிட் ஈவென்ட் வகை ‘லாக்’ என்று இருக்கும் ப்ராசஸ்களை எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் ‘பிஜி பிளாக்கிங் பிட்ஸ்’ ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். யார் மறிக்கிறார் என்று சொல்லும். அவரையும் இன்னொருவர் மறித்தால் அங்கேயும் போய், சங்கிலியின் தலை வரை ஏறுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் சிஸ் ஸ்கீமாவின் ‘இன்னோடிபி லாக் வெயிட்ஸ்’ வியூ இதே பதிலைத் தரும்.

தலையில் இருப்பவரின் நிலை பெரும்பாலும் ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’ என்று இருக்கும். டிரான்சாக்ஷனைத் திறந்து, ரோவைப் பூட்டி, கமிட் செய்யாமல் சும்மா இருக்கும் கனெக்ஷன். யாரோ ஷெல்லில் பிகின் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார், அல்லது படி 8ஐ மீறிய கோடு வெளிச் சேவைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இதற்கு பிஜி கேன்சல் பேக்கெண்ட் பயன்படாது, ரத்து செய்ய அங்கே ஓடும் க்வெரி எதுவும் இல்லை. பிஜி டெர்மினேட் பேக்கெண்ட்தான் வேண்டும். மறுபடி இப்படி ஆகாமல் இருக்க ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் டைம்அவுட்’ செட்டிங்கை ஒரு நிமிடத்துக்கு வையுங்கள். அடுத்த முறை டேட்டாபேஸே அந்தக் கனெக்ஷனை அறுத்துவிடும்.